புருவத் தழும்பு

காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாள்.
ஷெட்லாந்தில் அதற்கு வெறும் நாள் என்றுதான் பெயர்.
யெல் தீவுப் படகுக்கான காத்திருப்பு அறையில்
ஓஸ்லா சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள்.
பதினெட்டு வாரம்.
ஆரஞ்சு மேலங்கியின் கடைசிப் பொத்தான்
அன்று காலைதான் மறுத்திருந்தது.

ஷூ கயிறு அவிழ்ந்த பையன் ஒருவன்
உரிமையோடு காலை நீட்டினான்.
குனிய முடியாமல் மடியில் தூக்கிவைத்துக் கட்டினாள்.
கழுத்தோரம் ஒற்றைக் கொப்புளம்,
நீர் கோத்து, பார்க்க அழகாகக்கூட இருந்தது.
படகு தாமதம்.
அவளும் அவனும் அவன் தாயும், மூன்று பேர்,
இருபது நிமிடம் ஒரே மூச்சை மாற்றி மாற்றி விட்டார்கள்.

மறுநாள் போனில் அந்தத் தாய் அழுதாள்:
"உடம்பெல்லாம் போட்டுவிட்டது. மன்னித்துக்கொள்."

உனக்கு முன்பே வந்திருக்கிறதா, என்றாள் செவிலி.
ஓஸ்லா தன்னைப் பெற்றவளைக் கேட்டாள்,
ஐந்து பிள்ளைகளை ஒரே தொட்டியில் கழுவியெடுத்தவளை.
"வந்ததே! யாருக்கோ வந்தது.
ஆட்டுக்கொட்டகைக் கூரை பறந்த குளிர்காலம்.
உனக்கா, மேக்னிக்கா...
ஒருவர் சொறிந்தீர்கள், ஒருவர் அழுதீர்கள்.
உன் புருவத்தில் குழி இருக்கிறதே, அதுதான்."
பின்னாலிருந்து மேக்னி கத்தினான்:
"அது என் தூண்டில் முள்!"

தமிழில் எழுதும் எனக்கு இங்கே ஒரு சங்கடம்.
அம்மை வந்ததா என்று அம்மையைக் கேட்டாள்
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அவள் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை.
அங்கே நோய்க்குக் கோழியின் பெயர்.

ஆக, ரத்தத்தையே கேட்பதென்று முடிவாயிற்று.
ஒரு குழாய், மஞ்சள் மூடி,
அபர்டீனுக்குப் பறக்க வேண்டும்.
மூடுபனி இறங்கி ஓடுபாதையை வழித்துத் துடைத்துவிட்டது.
யாரோ ஒரு கிழவரின் சர்க்கரைக்கும்
யாரோ ஒருத்தியின் தைராய்டுக்கும் நடுவில்
குளிர்பெட்டியில் இரண்டு இரவு கிடந்தது
ஒரு தேக்கரண்டி ஓஸ்லா.

அந்த இரண்டு இரவும்
கண்ணாடியில் புருவத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
முள்ளா, கொப்புளமா?
வயிற்றைத் தடவக் கை போகும்,
பாதியில் நிற்கும்,
கையிலேயே ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

"இருக்கிறது," என்றாள் செவிலி மூன்றாம் மாலை, "நிறையவே."
பெற்றவள் கோட்டைவிட்ட குளிர்காலத்தை
இந்தக் கணக்குப்பிள்ளை உடம்பு
முப்பது வருடம் மடித்து வைத்திருந்தது.
போகப்போகக் கொடி வழியே உள்ளேயும் கொஞ்சம் போகுமாம்,
கைமாற்றாக,
சில மாதத்துக்கு மட்டும்.

சிரித்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.
கொதிக்குமுன் நினைவு வந்தது.

மூன்று பேர் என்றேனே, தவறு.
ஜன்னலோரம் வில்மா இருந்தாள், ஏழாம் மாதம்,
பையனுக்குத் தன் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு.

வில்மாவுக்குக் கேட்க ஆளில்லை.
தாய் போய் ஒன்பது வருடம்.
அவள் குழாய்க்கு வானம் தெளிந்திருந்தது;
சீக்கிரமே பதில் வந்தது.
இல்லை.

"என்னிடம் நிறைய என்றீர்களே,
கொஞ்சம் எடுத்து அவளுக்குக் கொடுக்கக் கூடாதா?"
செவிலி சிரிக்கவில்லை.
"முன்பு அப்படித்தான் கொடுத்தோம்,
யார் யார் ரத்தத்திலிருந்தோ பிரித்து, ஊசியாக.
இப்போது மாத்திரை. ஏழாம் நாளிலிருந்து,
நாளுக்கு நான்கு வேளை."

அதன்பின் வில்மாவின் வாசலில்
ரொட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையசைக்கிறார்கள் எல்லாரும்.
கடைசிப் படகு கட்டியதும்
ஓஸ்லா கதவைத் தட்டாமல் உள்ளே போகிறாள்.
முன்பக்கம் வில்மாவே பார்த்துக்கொள்வாள்.
முதுகுக்குத்தான் ஆள் வேண்டும்.
ஸ்வெட்டரைத் தூக்கி, டார்ச் அடித்து,
தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை மெதுவாக.

"இது?"
"மச்சம்."
"இங்கே அரிக்கிறதே?"
"கம்பளி நூல், அசையாதே."