இரண்டாவது கண்ணாடி

கிரைண்டர் தள்ளுபடியில் கிடைத்தது.
சுண்டைக்காய் கால் பணம்.
சுமைகூலி முக்கால் பணம் என்பது
புன்டா அரீனாஸ் இரும்புக்கடையில்
வீல்கள் தொங்கும் சுவரின் முன்
நின்றபோதுதான் தெரிந்தது.

என் வீடு ஒரு கண்டெய்னர். இருபதடி.
துறைமுகம் கழித்துப்போட்டது.
கதவு உண்டு, கட்டில் உண்டு, விறகடுப்பு உண்டு.
சன்னல் இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
மகெல்லன் நீரிணை இருப்பதாகக் கேள்வி.

கட்டிங் வீல் ஒரு மில்லிமீட்டர். அப்பளம்.
இதுவா இரும்பை அறுக்கப்போகிறது?
தேய்க்கிற வீல் ஆறு மில்லிமீட்டர். அடை.
அடையால் அறுக்காதே, அப்பளத்தால் தேய்க்காதே
என்பதை ஒஸ்வால்டோ வேறு மாதிரி சொன்னான்,
கவுண்டருக்குப் பின்னால், தலை நிமிராமல்.

"நடு வளையத்தைப் பார்."
மாதம், வருடம்.
பால் பாக்கெட்டில் போடுவது மாதிரி.
கல்கூடக் கெட்டுப்போகுமா?
"பசை கெட்டுப்போகும்.
பசை விட்டால் கல் ஏது, வெறும் மணல்.
நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றுகிற மணல்."

நூற்றிருபத்தைந்தை எடுத்தேன், பெரிதாக இருக்கட்டுமே என்று.
பிடுங்கி மாட்டிவிட்டு நூற்றுப்பதினைந்தைத் தந்தான்.
பெரிய வீலுக்காகக் காப்புத் தகட்டைக் கழற்றுகிறவர்கள்
அடுத்த முறை வந்து
ஒற்றைக் கையுறை கிடைக்குமா என்று கேட்பார்களாம்.
சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.
சிரிக்கக் கூடாது போலிருந்தது.

என் பாலியஸ்டர் மேல்சட்டையைப் பேனாவால் சுட்டினான்.
"இது எரியாது. உருகும். உன்னோடு ஒட்டிக்கொள்ளும்."
ஆக, தோல் ஏப்ரன்.
கப்பல் பெயின்ட் தூளுக்கு, இரண்டு டப்பா வைத்த முகமூடி.
காதுக்கு மூடி.
முகத்துக்குக் கவசம், அதற்குள் கண்ணாடி.
இரண்டும் எதற்கு?
"பொறிக்கு மோவாய் வழி தெரியும்."

கூட்டிப் பார்த்தேன்.
கிரைண்டரின் விலையை எப்போதோ தாண்டியிருந்தது.
கம்பி பிரஷைத் திருப்பிக் கொடுத்தேன்.
துரு காத்திருக்கும், அதற்கு வேறென்ன வேலை.

பில்லில் பெயர் எழுதும்போது, யஸ்னா, ஒரு ன்-தான்,
அவன் கேட்டான்:
"அறுக்கும்போது தகட்டை யார் பிடிப்பார்கள்?"
யாருமில்லை.
"கடைசி நாலு விரற்கடையில் தகடு தொங்கும்,
வீலை நெரிக்கும்,
மெஷின் உன் மேலேயே பாயும்.
இன்னொரு கண்ணாடி எடு."
யாருக்கு?
"அது உன் பாடு."

ஒன்பது நாள் அது ஆணியில் தொங்கியது,
யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி.

பத்தாம் நாள்
கீழ்ப்பக்கம் அறுத்தாயிற்று, இடப்பக்கம், வலப்பக்கம்.
மேலே பாதி வந்தபோது கதவில் நொல்பெர்தோ கார்கமோ.
பக்கத்து மனைக்காரர்.
என் கண்டெய்னரைப் பற்றி
நகராட்சிக்கு மூன்று கடிதம் எழுதியவர்.
காதுமூடிக்குள் எனக்கு எதுவும் கேட்கவில்லை.
வாய் மட்டும் திறந்து மூடியது, வலையில் ஏறிய மீன்.

கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

பார்த்தார். என்னை, வீலை, தொங்கும் தகட்டை.
விறகு பிளந்துகொண்டிருந்த தோல் கையுறையோடுதான் வந்திருந்தார்.
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்தார்,
கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்,
வெளியே சுற்றிப் போனார்.
தகடு ஒருமுறை அதிர்ந்து, பிறகு அசையாமல் நின்றது.
அந்தப் பக்கம் இரண்டு கைகள்.

கடைசி விரற்கடை.
சுவரின் ஒரு துண்டு மெல்ல என்னைவிட்டு இறங்கிப் போனது.
முதலில் காற்று வந்தது,
அடுப்புச் சாம்பலைக் கட்டில் மேல் கொட்டியது.
நீரிணை இருக்கவேண்டிய இடத்தில்
கண்ணாடி போட்ட கார்கமோவின் முகம்.

காதுமூடியைக் கழற்றினேன்,
வசவுக்குத் தயாராக.

"கீழ் விளிம்பு கோணல்" என்றார்.

கோணல்தான். இரண்டு விரல்.
அப்பளத்தைக் கழற்றி அடையை மாட்டும்வரை
அவர் நகரவில்லை.
கண்ணாடியை
இன்னும் திருப்பித் தரவில்லை.