அரை மில்லி

பைப் செய்கிறேன் என்றால்
இந்த ஊரில் எல்லோரும் கேட்பது
எத்தனை இஞ்ச், பி.வி.சி.யா ஜி.ஐ.யா என்றுதான்.
கூரியர் பையன் எல்லப்பா மட்டும்
ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து
'சாமிக்குச் சாம்பிராணி போடறதாக்கா' என்றான்.
கிட்டத்தட்ட, என்றேன்.

மத்திகிரி கூட்ரோட்டுக்குப் பின்னால்
கோழிக்கடை ஷெட்டில் பாதி என் வாடகை.
ராஜ்கோட் லேத், மூன்றாம் கை.
திங்கள் முதல் சனி வரை ஓசூர் சிப்காட்டில்
கியர் சோதிப்பவள்.
ஞாயிறு இங்கே.

கட்டை கடல் தாண்டி வருகிறது. பிரையர்.
மேலே பார்த்தால் வெறும் புதர்தானாம்.
மண்ணுக்குள், வேர் தொடங்கும் இடத்தில்
முப்பது நாற்பது வருஷம்
ஒரு கட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும்.
அதை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி,
வெல்ல அச்சு அளவில் அனுப்புகிறார்கள்.
தர்பூசணியைப் போல் தட்டிப் பார்ப்பேன்.
ஒன்றும் சொல்லாது.

இந்த ஒன்று செகந்திராபாத்துக்கு.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பெஷோத்தன் என்று பெயர்.
முகத்தின் வலப்பக்கம் ஒரு காலையில் தூங்கிப்போய்
பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.
இடது கடைவாயில் பிடிக்கத் தோதாக வேண்டும் என்று
மெழுகில் கடித்து அனுப்பியிருக்கிறார்.
பார்த்தேயிராத ஒருவர்
என் டீ டம்ளர் பக்கத்தில்
கடித்தபடியே இருக்கிறார் மூன்று வாரமாக.

முதலில் கிண்ணம், பத்தொன்பது மில்லி.
பிறகு புகை வரும் வழி, நான்கு மில்லி.
காம்பு முனையிலிருந்து இறங்கி
கிண்ணத்தின் அடியில், சரியாக அடியில்,
திறக்க வேண்டும்.
ஒரு நூல் மேலே போனால்
அடிப்புகையிலை ஈரமாகிக் கிடக்கும்.
கீழே போனால் விறகு.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
இரண்டு இருட்டும் சந்திக்கும்போது
ட்ரில்லின் முனகல் சட்டென்று லேசாகும்.
அப்போதுதான் நானும் மூச்சு விடுவேன்.

எபோனைட் வாய்முனையை அரம் போட்டு
அந்தப் பல் தடத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன்.
நான் புகைப்பதில்லை.
வெறுங்காற்றை உறிஞ்சிப் பார்ப்பேன்.
இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல்
முரண்டு பிடித்தால் தப்பு.
இருக்கிறதே தெரியாமல் வர வேண்டும்.
கன்னம் குழிய உறிஞ்சுகிற என்னைக்
கோழிக்கடை முஷ்தாக் பார்த்துவிட்டு
பார்க்காத மாதிரி இறகு கூட்டுவார்.

நானூறாம் நம்பர் தாளில் தேய்க்கையில்
மரம் கண் விழித்தது.
அடியில் பொடிப்பொடியாகப் பறவைக்கண்கள்,
பக்கத்தில் நெருப்பு எழுவதுபோல் ரேகைகள்.
அதற்கு நடுவே, வலப்பக்கம்,
ஒரு குழி.
கடுகில் பாதி.
சின்ன வயசில் விழுங்கிய மணலோ என்னவோ.

தேய்த்தேன், ஆழமானது.
இன்னும் தேய்த்தால் சுவர் மெலியும், கை சுடும்.
மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம்,
மேலே சாயம், அதற்கு மேலே மெழுகு.
யாருக்குத் தெரியப்போகிறது.
ஃபேக்டரி என்றால் சிவப்புத் தட்டு இருக்கிறது,
போட்டுவிட்டுக் கையெழுத்து, அடுத்த பீஸ்.
இங்கே தட்டு இல்லை.
டீ ஆறியது.

பெட்டிக்குள் சீட்டு வைத்தேன்:
குழி ஒன்று. வலப்பக்கம். ஆழம் அரை மில்லி.
அடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.
பல்லில் என்றால் தோண்டி அடைத்திருப்பேன்,
இதில் இருக்கட்டும்.
பாக்கியில் ஐந்நூறு குறைக்க முடியுமா?

முந்நூறு குறைத்தேன்.

திங்கட்கிழமை, முதல் ஷிப்ட்.
பனி இன்னும் சந்திரசூடேஸ்வரர் மலையை விடவில்லை.
ஒவ்வொரு கியராக எடுத்து
மைக்ரோமீட்டருக்குக் கொடுக்கிறேன்.
அத்தனையும் சரி.
பச்சைத் தட்டு நிறைகிறது.
கட்டைவிரல் மட்டும்
ஒவ்வொன்றின் வலப்பக்கமும் போய்
எதையோ தேடிவிட்டு வருகிறது.