அரை நாள் வாட்டம்

தகரப் பெட்டியில் இருநூற்றுப் பதினோரு தாள்கள்.
கரையான் தின்றது போக மிஞ்சிய செடிகள்.
ஒவ்வொன்றையும் கண்ணாடிக்கடியில் கிடத்தி
வெளிச்சம் ஓடவிட்டு எண் போடுவது என் வேலை.
தினக்கூலி. கையுறை நூலகத்துடையது.

காட்பாடிப் பக்கம் கரண்ட் போனால்
எங்களுக்கும் போகும்.
விசிறிக்கொள்ளக் கூடாது, தாள் பறக்கும்.
வேர்வை சொட்டாமலிருக்க
நெற்றியில் கைக்குட்டை கட்டி உட்கார்ந்திருப்பேன்.
எதிரே நுணா, வெட்பாலை,
கிழங்கோடு தோண்டி வரையப்பட்ட செங்காந்தள்.

எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று
சித்திரையில் முடிவானது.
யாரும் எடுக்கலாம், காசில்லை, கையெழுத்தில்லை.
நூலகர் ஜெபமலர் அம்மா அன்று
ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.
ஒரு வாரத்தில் ஆறு பேர் எடுத்தார்கள்.
அதில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்.

தாள் நாற்பத்தேழு.
லத்தீனில் நீளமாக ஒரு பெயர்.
கொண்டுவந்த துரையின் பெயர் அதைவிட நீளம்.
வரைந்தவர் பெயர் இல்லை.
ஓரத்தில் மட்டும், எறும்பளவில், தெலுங்கெழுத்தில்
வங்க.
கத்தரிதான். காம்பிலும் இலை நரம்பிலும் முள்.

இதை நான் அனுப்பியது துளசிங்கத்துக்கு.
நேதாஜி மார்க்கெட்டில் கடை.
இலவம்பாடிக் காய்தானா என்று கேட்டால்
முள் குத்தட்டும், அப்புறம் நம்பு என்பவர்.

ராத்திரி ஒன்பதரைக்கு அவர் குரல் வந்தது,
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தோடு:
"நம்மூரு காய்தாம்மா. முள்ளப் பாத்தாலே தெரியுது.
ஆனா இது வெட்டி அரை நாள் ஆன கிளை.
இலை ஓரம் உள்ள சுருளுது பாரு.
பூவும் தொவண்டு போச்சி.
எவன்டா இத வெயில்ல தூக்கினு வந்தது?"

காலையில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சுருள்கிறது.
காம்பின் அடியில் சாய்வாக ஒரு கத்தி வெட்டு,
வெட்டின் வாய் கறுத்திருக்கிறது.
அதற்கென்றே தனியாக ஒரு பழுப்பு குழைத்திருக்கிறார்.
எத்தனை தடவை இந்தத் தாளைத் தூக்கி வைத்தேன்!

மற்ற தாள்களில் செடிகள் நிமிர்ந்தே நிற்கின்றன,
குரூப் போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகள்போல.
நிமிர்த்தித்தான் வரையச் சொல்லியிருப்பார்கள்.
இந்த ஒன்றை மட்டும் அவர்
வந்து சேர்ந்த கோலத்திலேயே வரைந்துவிட்டார்.

குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
வெட்டி அரை நாள் ஆனது.
தகவல், துளசிங்கம், காய்கறி வியாபாரி.
ஆதாரம் என்ன என்றார் ஜெபமலர் அம்மா.
குரலைப் போட்டுக் காட்டினேன்.
லாரிச் சத்தம் முடியும்வரை கேட்டுவிட்டு
"இதையும் சேர்த்துவிடு,
அந்த எவன்டா மட்டும் வேண்டாம்" என்றார்.

எதிர்க்கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு கலர் பிரிண்ட்.
தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.
மத்தியானம் பன்னிரண்டு,
கோட்டைச் சுவரில் கை வைக்க முடியாத நேரம்.
டப்பாவில் தண்ணீர் மொண்டு
கீரைக்குத் தெளிக்கிறார், காய்க்குத் தெளிக்கிறார்,
அதே கையோடு படத்துக்கும்.

மை கரைந்து இறங்கிவிடுகிறது.
போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்தது
மூன்றாவது பிரிண்ட்.