எட்டாவது கொத்து

பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில்
காப்புக் கட்டு பத்து ரூபாய் என்று கூவுகிறார்கள்.
பூளைப்பூவுக்கு விலையா?
சும்மா கிடக்கும் காட்டில்
சும்மா முளைக்கிறதுக்கு?
ரோஷத்தில் பதினாறு ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து
பெருமாநல்லூர் தாண்டி இறங்கினேன்.

போன வருஷம் பறித்த இடத்தில்
வெள்ளைக்கல் நட்டிருந்தது.
பதினாலாம் மனைக்கும் பதினைந்தாம் மனைக்கும் நடுவில்
யாருக்கும் விற்காத ஒரு முழ அகலத்தில்
பூளை நின்றது,
தூங்கி எழுந்து தலை சீவாத மாதிரி.
வேலியோரம் ஆவாரை.
மஞ்சள் என்றால் அது மஞ்சள்.
சாயப்பட்டறைச் சீட்டில் அதற்கு
நம்பர்தான் இருக்கிறது.
வேப்பங்கொத்து வீட்டுக்காரர் மரத்தில்,
கேட்டுவிட்டுத்தான் ஒடித்தேன்.
"ஒடிச்சுக்க கண்ணு,
செவுத்துல மட்டும் ஆணி அடிச்சராத"
என்றார் துளசிமணியக்கா.
அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து
வாரம் ஒருதரம் சொல்வதுதான்.

நாருக்குப் பதில் நூல்.
ஓவர்லாக் கோனில் அடிவரைக்கும் போய்
மிச்சமிருந்த கத்திரிப்பூக் கலர்.
ஏற்றுமதிக்கு வந்தது, லேசில் அறாது.
மூன்றையும் சேர்த்துக் கட்டினால்
எட்டுக் கொத்து வந்தது.

கட்டிங் டேபிளுக்கடியில் எப்போதோ பொறுக்கிய துண்டுகளை
மாவிலையாக வெட்டினேன்.
ஷேடு தப்பியதென்று ஜெர்மனிக்காரன் தள்ளிய பச்சை.
அவன் கண்ணுக்குத் தப்பு;
என் நிலவுக்கு மேலே
ஒன்பது இலையும் சரியான பச்சை.
இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் கொக்கியில் நிற்கிறது,
ஆணி இல்லை.

கதவின் கொண்டியில் ஒன்று, ஜன்னல் கம்பியில் ஒன்று.
சிலிண்டர் கழுத்தில் கட்டும்போது
கொஞ்சம் சிரிப்பு வந்தது.
தண்ணி மோட்டார் சுவிட்சுக்கு ஒன்று
(அதற்கு எல்லோரும் சண்டை போடுகிறோம்,
காப்பு அதற்குத்தான் முதலில் வேண்டும்).
ஸ்கூட்டிக் கண்ணாடிக்கு ஒன்று.
அரிசி டிரம்முக்கு ஒன்று, பாதிதான் இருக்கிறது.
பக்கத்து ரூம் பிஜய் ஒன்று வாங்கி
முகர்ந்து பார்த்துவிட்டு
"சாப்பிடுறதா அக்கா?" என்றான்.
சைக்கிள் ஹேண்டில் பாரில் கட்டிக்கொண்டான்.

ஏழு.

கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு
இருபத்து மூன்று நாள்.
ஆறு வாரச் சம்பளம் உள்ளே.
பொங்கல் கழிந்ததும் ராத்திரியோடு ராத்திரி
மெசினையெல்லாம் லாரியில் ஏற்றப்போவதாகப் பேச்சு.
என் மெசின் மூன்றாவது லைனில், கடைசி.
பெடலை இடதுபக்கம் சாய்த்து மிதித்தால்தான் ஓடும்.
அது வேறு யாருக்குத் தெரியும்?

போகி ராத்திரி எட்டாவது கொத்தைக்
கேட்டுப் பூட்டில் கட்டினேன்.
வாட்ச்மேன் ராக்கியப்பன் டார்ச் அடித்தார்.
"என்ன அம்மிணி, பூட்டுக்குமா நோம்பி?"
"காப்புக் கட்டியாச்சுன்னா
ஊரைவிட்டு ஒண்ணும் வெளிய போகக்கூடாதுங்."
"அது மாரியாத்தா நோம்பிக்கு.
தைநோம்பிக்கு ஏது அந்தச் சட்டம்?"

தெரியும்.
தோதான சட்டத்தைத் தோதான இடத்தில் எடுத்துக்கொள்ள
முதலாளிக்கு மட்டும்தான் கை இருக்கிறதா?

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
முடிச்சுத் தெரிகிற மாதிரி
டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

பூப்பொங்கலும் போய் இன்றைக்கு ஆறாம் நாள்.
ஆவாரை உதிர்ந்துவிட்டது.
பூளை வாடவில்லை; அது காயும், அவ்வளவுதான்.
பூட்டில் இப்போது பதினோரு கொத்து.
வாழைநாரில் நாலு, சிவப்பு நூலில் இரண்டு,
ஒன்று எலாஸ்டிக்கில், அது செல்லாத்தாளாகத்தான் இருக்கும்.
என்னுடையது எதுவென்று தேடினேன்,
கிடைக்கவில்லை.
சாவித் துவாரமும் தெரியவில்லை.

ராக்கியப்பன் டார்ச்சுக்கு
புது பேட்டரி போட்டிருக்கிறார்.