அச்சாரம்

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
உரக்கடை மாடியில் ஆவுடையப்பன் வீடு.
படியேறும்போதே கொம்பையா சொல்லிவிட்டான்:
"நீ வாயத் தொறக்காத, ரேட்டு நான் பேசுதேன்."
என் தம்பி. ஆறு வயது இளையவன்.
போன தடவை அவனுக்குப்
பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

போன தடவை என்று சொல்லியாயிற்று.
ஆமாம், இது ரெண்டாவது.

மேஜையில் ஒரு அச்சடித்த தாள்.
நாகஸ்வரம் ரெண்டு, தவில் ரெண்டு, இன்ன தொகை.
செண்டை மேளம் என்றால் செங்கோட்டை தாண்டி
ஆள் கூட்டிவர வேண்டும், வண்டி வாடகை தனி.
மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு.
சாயங்காலம் மெல்லிசை:
கீபோர்டு பையன் ஆலங்குளத்துக்காரன்,
பாடுகிற பிள்ளை பாளையங்கோட்டையில் நர்ஸ்,
ஷிப்ட் பார்த்துத்தான் சொல்வாள்.

கொம்பையா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான்.
ரெண்டாங் கல்யாணத்துக்கு எதுக்கு பேண்டு என்று
அவன் சொல்லவில்லை.
பேனா சொன்னது.

என் மகள் நிரஞ்சனாவின் கோரிக்கை
என் கைப்பையில் மடித்துக் கிடந்தது:
குத்துப்பாட்டு நாலு,
அதில் ஒன்றுக்கு மாசானம் மாமாவும் ஆடணும்.
அடிக்கோடு சிவப்பு மையில்.

முந்தின நாள் அவரிடமும் போனில் கேட்டிருந்தேன்.
ஊத்துமலைப் பக்கம் ஒரு காத்தாடியின் உச்சியில் இருந்தார்,
கையில் ஸ்பானர், காதில் காற்று.
"எனக்கு என்ன தெரியும் பாட்டப் பத்தி,
ஒனக்கு என்ன தோணுதோ அதத்தான்..."
பிறகு வெறும் இரைச்சல்.
அதற்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் மட்டும்
முழுசாக வந்து சேர்ந்தது:
"...கேக்கணும்."

அதனால்தான் வாயைத் திறந்தேன்.
"கெட்டிமேளம் எப்ப அடிப்பீங்க?"

ஆவுடையப்பன் சிரித்தார்.
"இது என்னம்மா கேள்வி.
ஐயரு கையக் காட்டுவாரு, நாங்க அடிப்போம்.
தும்மல், அழுகை, ஆகாத சொல்லு
எதுவும் சபையில விழக்கூடாதுல்லா.
அதுக்குத்தான அது."

தெரியும்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்
சேரன்மகாதேவி மண்டபத்தில்
அந்தக் கை உயர்ந்த நொடியில்
நான் ஒரு சொல் சொன்னேன்.
நாலே எழுத்து.
மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.
எதிரே நாலு தவில்.
என் உதடு அசைந்ததை
வீடியோக்காரர் மட்டும் பிடித்திருந்தார்.
சிடி போட்டுப் பார்த்த அன்றைக்கு
வீடே நெகிழ்ந்து சொன்னது:
"புள்ள சாமி கும்பிடுதா பாரு."

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"இந்தத் தடவ ஐயரு கையப் பாக்காதீங்க அண்ணாச்சி.
என்னப் பாருங்க.
நான் தலையாட்டுன பொறவு அடிங்க."

"கிறுக்கா ஒனக்கு, நல்ல நேரம் தப்பிரும்லா"
என்றான் கொம்பையா.

ஆவுடையப்பன் தாளைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தில் என்னவோ எழுதினார்.
"எவ்வளவு நேரம் நிக்கணும்?"
"தெரியல."
"ஒரு மூச்சா, ரெண்டு மூச்சா?"
"தெரியல அண்ணாச்சி."
மோதிரமில்லாத விரல்கள்,
கூடு மாட்டி மாட்டித் தடித்துப்போனவை,
மேஜையில் ஒருமுறை தட்டி நின்றன.
"சரி. கம்பத் தூக்கிக்கிட்டு நிப்பேன்.
கை கடுத்தா செருமுவேன்,
அதுக்கு நீ தப்பா நெனைக்கக்கூடாது."

ஐநூற்றியொரு ரூபாய்.
வெற்றிலை, ரெண்டு எலுமிச்சை.
மெல்லிசை வேண்டாமென்று அடித்த இடத்தில்
நாலு குத்துப்பாட்டு, ஸ்பீக்கர் மட்டும்.

இறங்கும்போது
பாதிப் படியில் நின்றுவிட்டான் தம்பி.
சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்,
"பேண்டு வச்சுக்கிடுவமா, அக்கா?
துட்ட நான் பாத்துக்கிடுதேன்."

கீழே கடையம் பஸ்
ஹாரனை அழுத்திப் பிடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றான்.