நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஐந்து

ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
நான் பார்ப்பது வானத்தைத்தான்.

சுவர் முழுக்கத் திரை. நடுவில் ஓர் எண்:
ஐம்பது.
நொடிக்கு ஐம்பது துடிப்பு.
மின்தூக்கிக்கும், டயாலிசிஸ் இயந்திரத்துக்கும்,
தேக்காவில் மாவு அரைக்கிற கிரைண்டருக்கும்
ஒரே நாடி.
ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

முன்பு இந்த வேலையில் மேகத்துக்கு இடமில்லை.
எரிவாயு குழாயில் வரும், சுழலி சுற்றும்,
மாலை ஏழு மணிக்கு ஊரே வீடு திரும்பி
ஏர்கானைப் போடும் என்பது
காலண்டரில் தேதி கிழிப்பதைப் போல நிச்சயம்.
இப்போது கூரையெல்லாம் கண்ணாடி.
தெங்கே நீர்த்தேக்கத்தில்
தண்ணீர்மேல் பாய் விரித்த மாதிரி கண்ணாடி.
வெயில் வந்தால் வரவு.
மேகம் வந்தால் செலவு என்று சொல்லமாட்டேன்;
வாசலில் வந்து நின்று
கைமாற்றுக் கேட்கிறது.

கார் வந்தால் தேர் வரும் என்று
முல்லைக்கொடிப் பக்கம் காத்து நின்றார்கள்
நம் பழைய பெண்கள்.
எனக்குக் கருமை கண்டால் வயிறு கலங்கும்.
சுமத்ராவிலிருந்து கிளம்பும் காற்று
அட்டவணை பார்ப்பதில்லை.
முதலில் துவாஸ் இருளும்,
பிறகு பூன் லே, பிறகு தெங்கா.
திரையில் மெகாவாட்டுகள் படியிறங்கும்.
உடனே போனை எடுப்பேன்.

மறுமுனையில் ஜூரோங் தீவு. ரிதுவான்.
ஆறு வருடமாகக் குரல் மட்டும்.
அவருடைய சுழலி பகலெல்லாம்
பாதி மூச்சில் சுற்றிக்கொண்டிருக்கும்,
சொல்லாமல் வைத்திருக்கும் கோபம் மாதிரி.
"எத்தனை?" என்பார். சொல்வேன்.
"பத்து நிமிடம்."
அந்தப் பத்து நிமிடத்தில்
அவருடைய மலாயிலும் என் உடைந்த மலாயிலும்
நாசி லெமாக் பற்றிப் பேசுவோம்.
வேறென்ன பேச.

என் புளோக் கூரையிலும் போன மாதம் ஏறினார்கள்.
பதினாறாம் மாடி எங்களுடையது,
அதற்கு மேல் அவர்கள்தான்.
கதவைத் தட்டினான் ஒருவன்.
ஹெல்மெட்டுக்குள் வேர்வை,
சட்டையில் பெயர்: வைரக்கண்ணு.
"அக்கா, ஐஸ் இருந்தாக் குடுங்க."
ஃப்ரிட்ஜிலிருந்த தட்டையே கவிழ்த்துக் கொடுத்தேன்.
அறந்தாங்கிப் பக்கமாம்.
"மேல கண்ணாடி கொதிக்குதுக்கா, தொட முடியல."
எனக்குத் தெரியும்.
கண்ணாடி சூடேறினால் உற்பத்தி குறையும்,
அதற்கு எங்கள் திரையில் தனிக் கோடு உண்டு,
ஆரஞ்சு நிறத்தில்.
உள்ளங்கைக்குக் கோடு கிடையாது.

வியாழன், பதினொன்றேகால்.
துவாஸ் இருண்டது.
கை போனுக்குப் போனது.
எண் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஐந்துக்கு இறங்கி
நின்றது.
ஏறியது.
ஐம்பது.
போன் இன்னும் கையில்.

புது பேட்டரிகள்.
ரிதுவானின் வேலிக்கு அடுத்த பக்கம்
வரிசையாக நிற்கிற வெள்ளைப் பெட்டிகள்.
யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டன.
நான் கண் இமைத்திருந்தால்
நடந்ததே தெரிந்திருக்காது.

நல்லதுதான்.
சோதனை அறிக்கையில் 'திருப்தி' என்று
கையெழுத்துப் போட்டவளே நான்.

வெளியே மழை கொட்டியிருக்கும்.
வைரக்கண்ணு ஏதோ ஒரு புளோக்கின் படிக்கட்டில்
ஒதுங்கியிருப்பான்.
கழுவின கண்ணாடி மதிய வெயிலுக்குக்
கொஞ்சம் கூடுதலாகத் தரும்.
அதுவும் கணக்கில் ஏறும்.

எண்ணை அழுத்தினேன்.
"எத்தனை?" என்றார்.
ஒன்றுமில்லை.
"மேகம்?"
போய்விட்டது.

கொஞ்ச நேரம்
அவர் பக்கத்து இரைச்சல் மட்டும் கேட்டது,
பாதி மூச்சில்.

இன்றைக்கும் நாசி லெமாக்தானா என்று கேட்டேன்.
"இல்லை, வீட்டுச் சாப்பாடு.
இப்போதெல்லாம் நேரம் இருக்கிறது.
நானே சமைக்கிறேன்."