எல் நாலு, எல் ஐந்து

"எல் நாலுக்கும் எல் ஐந்துக்கும் நடுவுல
பிதுங்கிக் கிடக்கு" என்றார் டொக்டர்,
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து.
எனக்கு அது வாய்க்கால் இலக்கம்.
இடதுகரை, நாலாம் கிளை, ஐந்தாம் கிளை.
பதினெட்டு வருடமாய் நான் வட்டவிதானை.
"அங்க எப்பவும் பிரச்சினைதான் சேர்,
கடைக்கண்டத்துக்குத் தண்ணி ஏறாது."
அவர் சிரிக்கவில்லை.
இடது காலைத் தூக்கச் சொன்னார்.
ஏறவில்லை.

மட்டக்களப்பில் கத்தி என்றார்கள்.
பரீதா இரவு முழுக்கப் பேசாமல் கிடந்தாள்.
விடிந்ததும், "சம்மாந்துறையில இருபத்தொரு நாள்
படுத்துப் பாப்பம், பிறகு வெட்டலாம்" என்றாள்.

ஆயுள்வேத டொக்டரின் கையிலும் அதே படம்.
"பிதுங்கினத உள்ள தள்ளிருவன் எண்டு
நான் சொல்ல மாட்டன்.
நோவை இறக்கலாம், இறுகின சதையை இளக்கலாம்.
சிறுநீர் மறிச்சாலோ, பாதம் தொங்கினாலோ
எண்ணெயை நம்பிக் கிடக்கப்படாது.
அண்டைக்கு ராவே மட்டக்களப்புக்கு ஓடணும்."
பிறகு பத்தியம் சொன்னார்:
இறால் வேண்டாம், கணவாய் வேண்டாம்,
எருமைத் தயிர் வாசமும் வேண்டாம்.
ஸ்கேனுக்கு அழாதவன்
தயிருக்குக் கண் கலங்கினேன்.

கவிழ்ந்து படுக்கிறேன்.
தவமலர் உளுந்து மாவைக் கயிறாய் உருட்டி
என் நாரியைச் சுற்றி வரம்பு கட்டுகிறாள்.
விரலை நனைத்து, அடிவிளிம்பை அழுத்தி,
ஓட்டை தேடிப் போகிறது ஒரு தடவல்.
எனக்குத் தெரிந்த தடவல்தான்.
நண்டு வளை பார்க்க
நான் அதைக் காலால் செய்வேன்.
பிறகு எண்ணெய், இளஞ்சூட்டில்,
பஞ்சு பிழிந்து, சிறுகச் சிறுக.
ஆமணக்கும் சித்தரத்தையும் மணக்க
உள்ளங்கை அகலத்தில் ஒரு குளம்,
என் முதுகில்.
ஆறினதை அள்ளுகிறாள், சுட்டதை வார்க்கிறாள்.
நீர்மட்டம் குறையவே இல்லை.
இவளுக்கு ஒரு குளத்தைக் கொடுத்திருக்கலாம்
நீர்ப்பாசனத் திணைக்களம்.

அரைமணி நேரம் அசையப்படாது.
பதினொராவது நிமிடம் போன் அடித்தது.
"விதானையார், ஆதம்பாவா திரும்பவும்
வரம்ப வெட்டிப்போட்டான்!
தண்ணி முழுக்க அவன்ட வயலுக்க போகுது!"
எழும்ப எத்தனித்தேன்.
ஓரம் விரிந்து, எண்ணெய் விலாவில் வழிந்தது.
"வரம்ப உடைக்காதீங்க" என்றாள் தவமலர்.
பதினெட்டு வருடமாக
நான் ஊருக்குக் கத்திய சொல்.

படுத்தேன்.
போனுக்குள் இன்னும் சத்தம்.
"ஓடட்டும்" என்றேன்.
எதிர்முனை நம்பவில்லை, திரும்பக் கேட்டது.
"அரைமணித்தியாலம் ஓடட்டும்."
கட்டில் ஓட்டை வழியே தரையைப் பார்த்தபடி
ஆதம்பாவாவின் கண்டத்தை நினைத்தேன்.
கடைசிக் கண்டம்.
போன கிழமையே பயிர் மஞ்சளித்திருந்தது.
நாரி நோவில்
நின்று பார்க்காமல் வந்துவிட்டேன்.
அதற்கு முந்தின கிழமை
நாரி நோகவில்லை.

இருபத்தொரு நாளும் முடிந்தது.
இடது பெருவிரலில் இன்னும் எறும்பு ஊர்கிறது.
இரவில் புரளும்போது மட்டும்
முன்பு போல அலறுவதில்லை;
பரீதா எழும்புவதில்லை.
பள்ளிவாசலில் கடைசி வரிசைக் கதிரையில்
இருந்துதான் தொழுகிறேன்.
நேற்று அதை ஓரமாக வைத்துப் பார்த்தேன்.
ருகூஉவுக்கு வளைந்தது.
ஸுஜூதுக்கு இன்னும் ஒரு சாண்.

இன்று காலை மடைக்குப் போனேன்.
முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி,
சொல்லித் தந்தபடி பலகையைத் தூக்கினேன்.
எதிர்வரம்பில் ஆதம்பாவா,
மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்து.
அதன் பிடி அவன் தலைக்கு மேல் தெரிந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவன்தான் கேட்டான்:
"நாரிக்கு என்ன வச்சவங்க?"
"உளுந்து மாவுல வரம்பு கட்டி எண்ணெய்."
"ஒழுகல்லியா?"
"ஒருக்கா," என்றேன்.
"உன்னாலதான்."